எந்தக் கடவுளைக் கேட்கிறீர்கள்?

சென்னையில் கடவுளைப் பற்றி வாக்குவாதம் தொடங்கத் தனியாக மேடை போட வேண்டியதில்லை. கல்யாணப் பந்தி முடிந்து பீடா மெல்லும் நேரம் போதும். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையார் சதுர்த்தி வசூல் தகவல் வந்து விழுந்தால் அதுவும் போதும். ஒருவர் "கடவுள் இருக்காருன்னு நிரூபிங்க பாப்போம்" என்பார். இன்னொருவர் "இல்லைன்னு நீங்க நிரூபிங்க" என்பார். மூன்றாமவர் சமாதானக் குரலில், "நமக்கு மேல ஒரு சக்தி இருக்கு சார், அதை எந்தப் பேர்ல வேணா கூப்பிட்டுக்கலாம்" என்பார். சுற்றி இருப்பவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

முதல் இரண்டு பேர் மேல் எனக்குக் குறை இல்லை. எரிச்சல் வருவது மூன்றாமவர் மேல்தான். அவர் சொன்னதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்கிற அளவுக்கு அதில் சரக்கு இல்லை. சக்தி என்று பார்த்தால் மின்சாரமும் சக்திதான், கடல் அலையும் சக்திதான். அவற்றின் பேரில் யாரும் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதில்லை.

தெளிவான வரையறை இல்லாமல் 'கடவுள் உண்டா?' என்று கேட்டால், அது கேள்விதானா? தத்துவத்தில் நெடுங்காலமாக அலசப்படும் விஷயம் இது. நம் பேச்சில் மட்டும் இரண்டு அரைகுறை வடிவங்களில் வருகிறது. பகுத்தறிவுப் பக்கம் சிலர், "வரையறையே இல்லை, அதனால் கேள்வியே அபத்தம்" என்று முடித்துவிடுகிறார்கள். பக்திப் பக்கம் சிலர், "கடவுளை வரையறுக்கவே முடியாது, அதனால் உங்கள் கேள்வி செல்லாது" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

## வாட்ச்மேன் திருப்பிக் கேட்பது

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட். கூரியர் பையன் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, "அண்ணே, குமார் சார் இருக்காரா?" என்கிறான்.

"எந்தக் குமார் தம்பி? பி பிளாக்ல பேங்க்காரர் ஒருத்தர். மொட்டை மாடி ரூம்ல டியூஷன் எடுக்கிறவர் ஒருத்தர். போன மாசம் காலி பண்ணிட்டுப் போனவர் ஒருத்தர்."

"அதெல்லாம் தெரியலண்ணே. குமார்னுதான் போட்டிருக்கு."

வாட்ச்மேனால் இப்போது 'இருக்கிறார்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. எந்த வீட்டுக்கு எந்த நேரத்தில் தண்ணி கேன் வரும் என்பது வரை அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கேள்வி இன்னும் முழுசாகவில்லையே. 'எந்தக் குமார்?' என்று அவர் திருப்பிக் கேட்டால் தட்டிக்கழிக்கிறார் என்று நாம் சொல்ல மாட்டோம். பதில் சொல்ல அது ஒன்றுதான் வழி.

இதற்குப் பின்னால் உள்ள இயக்கத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உயரமானவர், கண்ணாடி போட்டவர், பேங்க்கில் வேலை பார்ப்பவர் என்பதெல்லாம் குமாரின் குணங்கள். 'இருக்கிறார்' என்பது அந்த வரிசையில் வரும் நான்காவது குணம் கிடையாது. மேலே சொன்ன மூன்றுக்கும் பொருந்துகிற ஆள் ஒருவர் உண்டு என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். 11-ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற கிறித்தவத் துறவி, எதைவிடப் பெரிதாக எதையும் நினைக்கவே முடியாதோ அதுதான் கடவுள், அது நினைப்பில் மட்டும் இருந்தால் நிஜத்திலும் இருக்கிற ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடும், ஆகவே கடவுள் நிஜத்திலும் இருக்கிறார் என்று வாதிட்டார். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781-இல் இந்த வகை வாதத்தின் அடிமடியில் கை வைத்தார். மனதில் நினைக்கிற நூறு தாலருக்கும் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) பையில் கிடக்கிற நூறு தாலருக்கும் எண்ணிக்கையில் ஒரு காசு வித்தியாசம் கிடையாது. 'இருத்தல்' என்பதைக் குணமாக எண்ணிச் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார். பிறகு தர்க்கவியலாளர்களான ஃப்ரெகேயும் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இதைத் தர்க்கத்தின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டார்கள். அதன்படி 'இன்னது உண்டா?' என்ற கேள்வியை விரித்தால், 'இந்த விவரணைக்குப் பொருந்துகிற ஒன்று உண்டா?' என்று வரும்.

விவரணை என்பது ஒன்றைப் பிற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டப் போதுமான அடையாளத் தொகுப்பு. இந்தக் கட்டுரையில் அந்தப் பொருளில்தான் அதைப் பயன்படுத்துகிறேன்.

இதுவரை சொன்னது: இருக்கிறதா என்ற கேள்விக்குள் ஒரு விவரணை எப்போதும் ஒளிந்திருக்கிறது. அதை நிரப்பாவிட்டால் கோடிட்ட இடம் காலியாகக் கிடக்கும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துக்கு அலைகிற கதைதான்.

## ஒரே பேரில் பலர்

'கடவுள்' என்ற கோடிட்ட இடத்தில் மக்கள் என்னென்ன எழுதுகிறார்கள்? பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் அஷ்டலட்சுமி கோயிலிலும் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் கூடுகிற கூட்டத்தில் பெரும்பாலோர் எழுதுவது இது: கூப்பிட்டால் கேட்கிற, மனமிரங்கினால் உதவுகிற, தப்பு செய்தால் தண்டிக்கிற ஒருவர். இந்த விவரணைக்கு நல்ல தெளிவு உண்டு. உலகில் நடக்கும் காரியங்களில் அவர் தலையிடுகிறார் என்பதால், 'அப்படியானால் குழந்தைக்கு ஏன் புற்றுநோய்?' என்று நேராகக் கேட்கலாம். இந்தக் கடவுளிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

இன்னொருவர், உலகைப் படைத்து இயக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்ட ஒருவர் என்று எழுதுவார். இவரிடம் புற்றுநோயைப் பற்றிக் கேட்டுப் பிரயோசனமில்லை. உலகுக்கு ஒரு தொடக்கமும் அதற்கு ஒரு காரணமும் தேவையா என்றுதான் கேட்க முடியும். வேறொருவர், கடவுள் என்பது இயற்கை முழுவதும்தான் என்பார். ஆம்ஸ்டர்டாமில் 1656-இல் யூத சமூகத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்ட தத்துவவாதி ஸ்பினோசாவின் கடவுள் இது. அவரை நாத்திகர் என்று ஏசியவர்களும் உண்டு, கடவுள் போதையில் மூழ்கியவர் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. ஒரே ஆள், ஒரே எழுத்து.

ஐன்ஸ்டைனை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்வதும் இதனால்தான். 1929-இல் நியூயார்க்கின் யூத மதகுரு ஒருவர் தந்தி அடித்து 'கடவுளை நம்புகிறீர்களா?' என்று கேட்டார். இருப்பவற்றின் ஒழுங்கில் தன்னை வெளிப்படுத்தும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் அக்கறை காட்டும் கடவுளை அல்ல என்று அவர் பதில் அனுப்பினார். அதாவது கோடிட்ட இடத்தைத் தாமே நிரப்பிவிட்டுப் பிறகு 'ஆமாம்' என்றார். மேடையில் அவர் பேரைச் சொல்பவர்கள் நிரப்பியதைக் கத்தரித்துவிட்டு 'ஆமாம்' என்பதை மட்டும் ஒட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பெசன்ட் நகர் என்ற பெயருக்குரிய அன்னி பெசன்ட், லண்டனில் சார்லஸ் பிராட்லாவுடன் தோளோடு தோள் நின்று நாத்திகப் பிரச்சாரம் செய்தவர். பிராட்லா 1864-இல் எழுதியது அப்படியே நம் விஷயம்: நாத்திகன் 'கடவுள் இல்லை' என்று சொல்லவில்லை, 'நீங்கள் கடவுள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை' என்கிறான், எதைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லையோ அதை நான் எப்படி மறுப்பது? இந்தக் காற்று அப்போதே சென்னைக்கும் வீசியது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்று தமிழில் ஒரு பத்திரிகையே நடத்தினார்கள். அதே பெசன்ட் அம்மையார் 1889-இல் பிரம்மஞான சபையில் (தியசாபிகல் சொசைட்டி) சேர்ந்தார், 1907-இல் அதன் தலைவரானார், 1933-இல் அடையாறில் காலமானார்.

'இல்லை' என்ற கட்சியிலிருந்து 'உண்டு' என்ற கட்சிக்குத் தாவிவிட்டார் என்றுதான் இதைச் சொல்வார்கள். ஆனால் அவர் சேர்ந்த ஆண்டிலேயே பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் கேள்வி பதிலாக ஒரு நூல் வெளியிட்டார். 'கடவுளை நம்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு அதில் வரும் பதில், 'அந்தச் சொல்லால் நீங்கள் எதைக் குறிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது'. உலகுக்கு வெளியே ஆள் வடிவில் இருக்கும் கடவுளை நாங்கள் ஏற்கவில்லை என்று அடுத்தபடியாக வருகிறது. அந்த ஒரு கடவுளைப் பொறுத்தவரை பெசன்ட் அம்மையார் தாவிய தூரம் நாம் நினைக்கிற அளவு இல்லை.

இதுவரை சொன்னது: 'கடவுள் உண்டா?' என்பது ஒரு கேள்வி இல்லை, ஒரு கட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றையும் சோதிக்கும் முறை வேறு. ஒன்றுக்குச் சொன்ன பதில் இன்னொன்றுக்குச் செல்லாது.

## எவ்வளவு வரையறை போதும்?

இங்கேதான் பகுத்தறிவுப் பக்கத்துக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். முழு வரையறை கையில் இல்லாவிட்டால் கேள்வியே அபத்தம் என்றால், மனித குலம் எதையுமே தேடியிருக்க முடியாது. தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் 'இந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டா?' என்று கேட்டவன் அபத்தமாகக் கேட்கவில்லை.

இதைவிட நல்ல உதாரணம் வானியலில் இருக்கிறது. 1781-இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கோள், கணக்குப்படி போக வேண்டிய பாதையில் போகவில்லை. அதற்கு அப்பால் இன்னொரு கோள் இருந்து இழுக்கிறது என்று பிரான்சின் லெவெரியே கணக்குப் போட்டார். அந்தக் கோள் என்ன நிறம், எதனால் ஆனது, சுற்றி நிலவுகள் உண்டா, ஒன்றும் தெரியாது. அவரிடம் இருந்த விவரணை ஒரே ஒரு வேலையைப் பற்றியது: 'யுரேனஸை இப்படி இழுப்பது எதுவோ அது'. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அதிலிருந்து சொல்ல முடிந்தது. 1846 செப்டம்பர் 23-ஆம் தேதி அவருடைய கடிதம் பெர்லின் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்றிரவே அங்கிருந்த வானியலாளர் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி நெப்டியூன் இருந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயன்பட்டிருக்காது. புதன் கோளின் பாதையிலும் ஒரு சின்னப் பிசகு இருந்தது. அதே லெவெரியே, அதே முறையில், 1859-இல் சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பேரும் வைத்தாகிவிட்டது. பார்த்துவிட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பல பத்தாண்டுகள் தேடியும் அப்படி ஒன்று உறுதியாகவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையை வைத்துக் கணக்குப் போட்டபோது, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற அந்தப் பிசகு கோள் எதுவும் தேவைப்படாமலேயே சரியாக வந்துவிட்டது. வல்கன் இல்லை என்றாயிற்று.

இரண்டு கோள்களுக்கும் விவரணை அரைகுறைதான். ஆனாலும் ஒன்றுக்கு 'உண்டு' என்றும் மற்றொன்றுக்கு 'இல்லை' என்றும் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. அது இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்ற வித்தியாசத்தை அந்த அரைகுறை விவரணை காட்டிக்கொடுத்தது. 'கடவுள்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் கேட்டு யாரையும் மடக்க வேண்டியதில்லை. இந்த வித்தியாசம் எது என்று கேட்டால் போதும்.

வெறும் பெயரை வைத்துக்கொண்டு கேட்க முடியாதா என்றால், அதற்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி சோல் கிரிப்கி 1970-இல் நிகழ்த்திய உரைகளில் இதை விளக்கினார். ராஜராஜ சோழனைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட 'ராஜராஜன்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தாரா?' என்று கேட்கலாம். அந்தப் பெயர் வாய்வழியாக, கல்வெட்டு வழியாகச் சங்கிலி போல வந்திருக்கிறது. சங்கிலியின் மறுமுனை ஓர் ஆளிடம் போய் முடிகிறது. பக்தர்களுக்கு இது நல்ல செய்திதான். முருகன் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது, ஞானிகள் கண்டு சொன்னது என்று அவர்கள் கூறலாம். மறுமுனை எதில் கட்டியிருக்கிறது என்பதுதான் வழக்கே என்று எதிர்க்கட்சி சொல்லும். ஆக, பெயர் மட்டும் இருந்தால் கேட்கலாம். முடிவு காண, மறுமுனையைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

## வியன்னாவிலிருந்து வந்த வாள்

'அர்த்தமற்றது' என்ற சொல்லை நம் விவாதங்களுக்குள் கொண்டு வந்தவர்கள் 1920-களில் வியன்னாவில் கூடிய தத்துவ வட்டத்தினர். அவர்களுடைய கருத்தை 1936-இல், 25 வயதில், இங்கிலாந்தில் பரப்பியவர் ஏ. ஜே. அயர். அவர்களின் ஆயுதம் சரிபார்ப்புக் கொள்கை: ஒரு வாக்கியம் தர்க்கத்தாலேயே உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுபவத்தில் எதை வைத்து அதைச் சரிபார்ப்பது என்று சொல்ல முடிய வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, வெறும் சத்தம்.

நம் ஊர்ப் பேச்சில் விட்டுப்போகும் ஒரு விஷயம், அயரின் வாள் இரண்டு பக்கமும் வெட்டியது. கடவுள் உண்டு என்பது அர்த்தமற்ற வாக்கியம் என்றால், கடவுள் இல்லை என்பதும் அர்த்தமற்றதுதான் என்று அவரே எழுதினார். 'தெரியவில்லை' என்பவருக்கும் இடமில்லை. கேள்வியே இல்லாதபோது தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது? அயரை மேற்கோள் காட்டி நாத்திகம் பேசுகிறவர் தன் காலடியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த வாளுக்கே பின்னால் ஆபத்து வந்தது. 'சரிபார்க்க முடியாத வாக்கியம் அர்த்தமற்றது' என்ற வாக்கியத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது? இதற்குத் திருப்தியான பதில் கிடைக்காமல் அந்தக் கொள்கை மெல்ல மங்கியது.

மிச்சமாக நின்றது ஆங்கிலேயத் தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ 1950-இல் வைத்த சிறிய கேள்வி. அது பொய்ப்பித்தலைப் பற்றியது. பொய்ப்பித்தல் என்றால், எது நடந்தால் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்ல முடிவது. நம் கூரியர் பையன், "குமார் சார் உள்ளதான் இருக்கார். ஆனா அவருக்கு ஃபிளாட் கிடையாது, போன் கிடையாது, கண்ணுக்குத் தெரியமாட்டார், கதவைத் தட்டினா குரல் கொடுக்கமாட்டார், சிசிடிவில பதியமாட்டார்" என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வாட்ச்மேன், "சரி தம்பி, இப்படி ஒரு குமார் இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் என்னதான் வித்தியாசம்?" என்று கேட்பார். ஃப்ளூ கேட்டதும் அதைத்தான். ஒவ்வொரு விதிவிலக்கும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆயிரம் விதிவிலக்கு சேர்ந்தால் முதலில் சொன்ன விஷயமே செத்துப்போகும்.

அதுவரை நாத்திகராக அறியப்பட்ட ஃப்ளூ 2004-இல் 'கடவுள் உண்டு' என்று அறிவித்ததும் ஒரு பக்கம் பட்டாசு வெடிக்காத குறை. மறுபக்கம் துரோகம் என்றது. அவர் ஏற்றது அரிஸ்டாட்டிலின் கடவுளைப் போன்ற, மனித விவகாரங்களில் தலையிடாத ஒன்றை என்று அவரே சொன்னதைக் காதில் வாங்கியவர்கள் குறைவு.

'முதலில் விவரணை, பிறகு விவாதம்' என்பவர்களுக்கு இக்னாஸ்டிக் என்று ஒரு பெயர் உண்டு. ஷெர்வின் வைன் என்ற அமெரிக்க யூத மதகுரு உருவாக்கிய சொல். டி. எச். ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கிய அக்னாஸ்டிக் என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அக்னாஸ்டிக் 'கேள்வி புரிகிறது, பதில் தெரியவில்லை' என்பவர். இக்னாஸ்டிக் 'கேள்வியே இன்னும் புரியவில்லை' என்பவர்.

இதுவரை சொன்னது: 'சரிபார்க்க முடியாவிட்டால் அர்த்தமற்றது' என்ற கடுமையான விதி தோற்றுப்போனது. 'இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம்?' என்ற எளிய கேள்வி தோற்கவில்லை.

## மணிமேகலை கேட்ட விதம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய்க் கேட்கிறாள். சைவவாதி எதிர்ப்பட்டதும் அவள் கேட்பது 'பரசும் நின் தெய்வம் எப்படித்து?'. நீ வணங்கும் தெய்வம் எப்படிப்பட்டது? 'உண்டா' என்று அவள் ஆரம்பிக்கவில்லை. அவன் விவரணை சொல்கிறான். அவள் கேட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போகிறாள். நம் டிவி விவாதங்களை நடத்துகிறவர்கள் இந்த ஒரு காதையைப் படித்தால் போதும்.

சைவ சித்தாந்தத்திலும் இதே ஒழுங்கு உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவையை, அதாவது எதையெல்லாம் ஆதாரமாக ஏற்கலாம் என்பதை, தனியாக விளக்குகிறார். பரபக்கம் என்ற பகுதியில், கடவுளை ஏற்காத உலகாயதம் தொடங்கி எதிர்க்கட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி மறுக்கிறார். எதிராளி என்ன சொல்கிறான் என்று முழுசாகச் சொல்லிவிட்டு மறுக்கும் வழக்கம் அது.

வரையறை சரியா தப்பா என்று பார்க்கத் தர்க்க சாத்திரத்தில் ஓர் அருமையான கருவி இருக்கிறது. அதன் பழைய உதாரணம் மாடு. கொம்பு உள்ளது மாடு என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும். இது அதிவியாப்தி, எல்லை மீறிப் பரவும் குற்றம். செந்நிறம் உள்ளது மாடு என்றால் வெள்ளை மாடு வெளியே போய்விடும். இது அவ்வியாப்தி, முழுவதும் பரவாத குற்றம். ஒற்றைக் குளம்பு உள்ளது மாடு என்றால் ஒரு மாடுகூடத் தேறாது, இது அசம்பவம். கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி உள்ளது மாடு என்பதே தேர்ந்தெடுத்த வரையறை.

இதைக் கடவுள் பேச்சுக்குப் போட்டுப் பாருங்கள். 'எல்லாம் கடவுள்' என்பதில் அதிவியாப்தி வாடை அடிக்கிறது. எல்லாமும் உள்ளே வந்துவிட்டால் கடவுள் உண்டு என்பதற்கும் ஏதோ இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் போய்விடும். நான்கு கை, நெற்றிக் கண் என்று ஒரு கோயில் சிற்பத்தை மட்டும் வரையறையாக எடுத்துக்கொண்டு 'அப்படி ஆள் யாரும் இல்லை' என்று நிரூபித்துவிட்டுப் போகிறவர் அவ்வியாப்தியில் விழுகிறார். சாந்தோமிலும் திருவல்லிக்கேணி மசூதியிலும் இருப்பவர்கள் அவருடைய மறுப்பைக் கேட்டுச் சிரிக்கக்கூட மாட்டார்கள். தன்னாலேயே தூக்க முடியாத கல்லைப் படைக்கும் சர்வ வல்லவர் என்பது அசம்பவத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அந்தச் சிக்கலுக்குக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே வழி சொன்னார்: தனக்குத் தானே முரணாக உள்ளதைத் தவிர மற்றதையெல்லாம் செய்ய வல்லவர் என்று பொருள் கொள்ளுங்கள் என்றார். அவரும் வரையறையைத்தான் திருத்தினார்.

திருக்குறளைப் பாருங்கள். கடவுள் வாழ்த்தில் எந்தத் தெய்வத்தின் பெயரும் நேராக இல்லை. 'எண்குணத்தான்' போன்ற விவரணைகள்தான். அந்த எட்டு எவை? பரிமேலழகர் சைவ ஆகமத்தில் சொன்ன எட்டைப் பட்டியல் போட்டுவிட்டு, அணிமா முதலியவை என்றும், கடையிலா அறிவு முதலியவை என்றும் சொல்பவர்களும் உண்டு என்று நேர்மையாகக் குறிக்கிறார். எல்லாச் சமயத்தாரும் வள்ளுவர் எங்கள் ஆள் என்று சொல்ல முடிவது இந்த இடைவெளியில்தான்.

## ஆள்மாறாட்டம்

வரையறை கேட்பது பக்தியை அவமதிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். கபாலி கோயிலில் கண்மூடி நிற்கும் அம்மாவிடம் போய் 'விவரணை என்ன?' என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. அவர் எதையும் நிரூபிக்க வரவில்லை. 'முருகா' என்று கூப்பிடுவது ஒரு கூற்று கிடையாது. அது சரியா தப்பா என்ற பேச்சுக்கே இடமில்லை. சொல்லுக்கு எட்டாதது என்று ஒருவர் மௌனமாக இருந்தால் அதற்கும் நம்மிடம் மறுப்பு இல்லை.

வம்பு வேறு இடத்தில் வருகிறது. விவாதத்தில் நெருக்கும்போது 'கடவுள் என்பது சொல்லுக்கெட்டாத பேருணர்வு' என்று சொல்லித் தப்பித்துவிட்டு, விவாதம் முடிந்ததும் 'அவர் இன்ன சாதியைக் கருவறைக்குள் விடக்கூடாது என்று விரும்புகிறார்' என்று சொன்னால், தேர்வு எழுதியவர் ஒருவர், சான்றிதழ் வாங்குகிறவர் வேறொருவர். சொல்லுக்கெட்டாத ஒன்றுக்கு இவ்வளவு துல்லியமான விருப்பங்கள் எங்கிருந்து வந்தன? எதிர்ப்பக்கமும் இதைச் செய்கிறது. கதைகளில் வரும் கடவுளை மறுத்துவிட்டு, ஸ்பினோசாவுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டதாக எண்ணிக்கொள்வது அதே ஆள்மாறாட்டம்தான்.

பெரியார் சிலைகளின் பீடத்தில் உள்ள 'கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை' என்ற வாசகத்தை இந்தக் கோணத்தில் பலரும் குறை சொல்வார்கள்: எந்தக் கடவுள் என்று சொல்லவில்லையே? பெரியாரின் பேச்சையும் எழுத்தையும் புரட்டினால் அவருடைய இலக்கு மங்கலாக இல்லை. சாதியையும் சடங்கையும் புரோகிதத்தையும் தாங்கிப் பிடிக்கும் கடவுளை அவர் பக்கம் பக்கமாக வருணித்திருக்கிறார். அவரிடமிருந்து பிரிந்து வந்த அண்ணா, திருமூலரின் 'ஒன்றே குலம் ஒருவனே தேவன்' என்பதை எடுத்துக்கொண்டார். ஒரே இயக்கத்திலிருந்து வந்த இரண்டு வாசகங்கள் எதிரெதிராகத் தெரிகின்றன. கோடிட்ட இடத்தை இருவரும் எப்படி நிரப்பினார்கள் என்று பார்த்தால் சாதி விஷயத்தில் இரண்டும் ஒரே இடத்தில் அடிக்கின்றன. கடவுள் விஷயத்தில் பெரியார் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

## தெளிவாகச் சொன்னால் சண்டை தீருமா?

தீராது. ஆனால் இடம் மாறும். இதற்கு நம் பழைய வழக்கு ஒன்று போதும்.

உதயணர், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய, நியாயம் என்ற தர்க்கப் பள்ளியின் தத்துவவாதி, நியாயகுசுமாஞ்சலியின் தொடக்கத்திலேயே கடவுளை ஒவ்வொருவரும் எந்தப் பேரில் வணங்குகிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். சைவர் சிவன் என்று, வைணவர் புருஷோத்தமன் என்று, கடைசியில் கைவினைக்காரர்கள் விசுவகர்மா என்று. இப்படி எல்லோரும் ஏற்கும் ஒருவர் மேல் சந்தேகம் எங்கிருந்து வரும் என்கிறார். நம் கல்யாண வீட்டு மூன்றாமவர் குரல் கேட்கிறது, இல்லையா? ஆனால் உதயணர் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடவில்லை. அடுத்து விவரணையை நிரப்புகிறார்: உலகம் ஒரு காரியம், செய்யப்பட்ட பொருள், பானைக்குக் குயவன் போல அதற்கு அறிவுள்ள கர்த்தா ஒருவர் வேண்டும், அவரே ஈசுவரன். நம் மெய்கண்டாரும் 'அவன் அவள் அது' என்று தொடங்கும் சிவஞானபோத முதல் சூத்திரத்தில், தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்தை வைத்தே ஒரு முதற்பொருளைக் காட்டுகிறார்.

எதிரே நின்றவர்களில் மீமாம்சகர்கள் முக்கியமானவர்கள். வேதத்தை ஓர் எழுத்து விடாமல் ஏற்றவர்கள், ஆனால் உலகைப் படைத்தவர் என்று ஒருவரை ஏற்காதவர்கள். 'ஈசுவரன் என்றால் யார்?' என்று அவர்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. விவரணை இரு தரப்புக்கும் தெளிவு. அவர்கள் மறுத்தது முதல் படியை. உலகம் எப்போதும் இப்படியேதான் இருந்து வருகிறது; பானை மாதிரி ஒரு நாள் வனையப்பட்டது என்று யார் சொன்னது என்றார்கள். அந்தப் புள்ளியில் கேள்வி கடவுளை விட்டு உலகத்தின் மேல் வந்துவிட்டது. உலகம் முழுவதையும் சேர்த்து ஒரு காரியம் என்று எண்ணலாமா, அதற்கு ஒரு தொடக்கம் உண்டா என்பது ஆராய்ந்து பார்க்கக்கூடிய கேள்வி.

ஆராய்ந்தும் வருகிறார்கள். இன்றைய அண்டவியல் சுமார் 1380 கோடி ஆண்டுகள் பின்னால் போய், அண்டம் மிகச் சூடாகவும் நெருக்கமாகவும் இருந்த ஒரு நிலையைக் காட்டுகிறது. அதற்கு முன்னால் ஏதாவது இருந்ததா, 'முன்னால்' என்ற பேச்சே அங்கே எடுபடுமா என்பதில் இயற்பியலாளர்களே கட்சி பிரிந்து நிற்கிறார்கள். உதயணருக்கும் மீமாம்சகருக்கும் நடந்த வழக்கில் அந்தப் பகுதி மட்டும் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.